டாக்டர் சொன்னதும் வாரக்கூலியும்

"சொன்னா கேக்க மாட்டாங்க, பாதியிலேயே மாத்திரையை விட்டுருவாங்க." சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தொழிலாளர்களைப் பற்றி ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் புகார் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஆறு மாத மருந்து வருவதற்கு முந்தைய நிலைமையைப் பாருங்கள். காசநோய் வந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் மருந்து எடுக்க வேண்டும். பலருக்கு ஊசியும் உண்டு. ஓபி சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். கம்பெனி வண்டி ஊருக்குள் வருவதும் காலையில்தான். வண்டியை விட்டால் அன்றைய கூலி போச்சு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவருக்கு எண்ணிக்கைக்குத்தான் காசு. கை நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, சோறும் இறங்க ஆரம்பித்தால், "அதான் சரியாப்போச்சே" என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே இருக்கும். நோய் திரும்பும்போது, முன்பு கேட்ட மருந்துக்கே கேட்காமலும் போகலாம்.

இத்தனைக்கும், மருந்தைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்ளும் வழி நம் மாநிலத்திலேயே முன்பே தெரிந்திருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் சேர்த்த நோயாளிகளையும் தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் ஒரு வருடம் ஒப்பிட்டது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், நெருக்கடியான வீட்டில் இருந்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது, வீட்டு நோயாளிகளை ஆய்வாளர்கள் விட்டுவிடாததுதான். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சத்தான சாப்பாட்டுக்கென 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர், பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது.

சாத்தூர் பக்கத்தில் ஒரு வீட்டில் இதைப் பார்த்தேன். சுகாதாரத் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டியின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். "பெரியம்மா, போன தடவை கொடுத்ததுல இவ்வளவு மிச்சம் இருக்கே?" "ராத்திரி மாத்திரைதான் தாயி, வேலை அலுப்புல அப்படியே தூங்கிப்போறேன்." தன்னார்வலர் திட்டவில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை வைக்கச் சொன்னார். உள்ளூர்ப் பெண், அந்த வீட்டின் நேரம் தெரிந்தவர். அவர் சொல் அங்கே எடுபடுகிறது.

மாத்திரை வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் "பத்து நாள் ஓய்வெடுங்க" என்கிறாரே டாக்டர், அது எங்கிருந்து வரும்? இஎஸ்ஐ காப்பீடு இருந்தால், நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு, தகுதியுள்ளவர்களுக்கு 80 சதவீதம்வரை உண்டு. வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், பதிவில் பெயரில்லாமல் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இது எட்டுவதில்லை. கையில் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போகிறவரைப் பிடிவாதக்காரர் என்று நோயாளிச் சீட்டில் எழுதுவதற்கு முன், அவருக்கு அந்தப் பத்து நாள் கூலியைத் தருவது யார் என்று கேட்க வேண்டும்.