கறிவேப்பிலைக் கன்றின் வரவு செலவு



குளிர் தொடங்கினால் எங்கள் வானொலிக்கு இப்படி ஓர் அழைப்பு வராமல் இருக்காது: "அண்ணை, கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டுது. எவ்வளவு தண்ணி விட்டும் சரிவரேல்லை." உடனே எனக்கு அம்மாவின் கன்று ஞாபகம் வரும். யன்னலோரம் பதினொரு வருடம் வளர்த்தது. ஒரு மாரியில் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, நான் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டேன். அவர் வீடு திரும்பியபோது கன்று பட்டுப்போயிருந்தது.

நான் கணக்காளன். ஆகவே இதை வரவு செலவாகவே விளக்குகிறேன்.

வரவு வேரில். வேர்மயிர்கள் மண்ணிலுள்ள நீரை உறிஞ்ச, அது காழ் என்னும் நுண்குழாய்கள் வழியே இலைக்கு ஏறுகிறது. செலவு இலையில். இலைவாய் எனப்படும் சிறு துளைகளால் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இதுதான் பள்ளியில் படித்த ஆவியுயிர்ப்பு. உறிஞ்சிய நீரில் 95 வீதத்துக்கு மேல் இப்படியே போய்விடும். இது வீண்செலவு அல்ல. உணவு தயாரிக்கக் காபனீரொட்சைட்டு வேண்டும். அதற்காக இலைவாயைத் திறந்தால் நீரும் போகும்.

மரத்துக்குள் மோட்டர் கிடையாது. இலையில் ஆவியாகும் நீர் தனக்குப் பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அந்த இழுவை வேர்வரை போகிறது. 1894 இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் சொன்ன விளக்கம் இது. காற்று வறண்டால் இழுவை கூடும். வேரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும்.

ஆக, மண்ணின் ஈரம் வேறு, காற்றின் ஈரம் வேறு. இதை எங்கள் சுவிசில் ஒரு காட்டிலேயே சோதிக்கிறார்கள். வாலிஸ் மாநிலத்தின் ஃபின்வால்ட் காட்டில் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீற்றர் மழைதான். அங்கே காடு, பனி, நிலத்தோற்றம் பற்றிய கூட்டாட்சி ஆய்வு நிறுவனம் 2003 முதல் ஒரு பகுதி பைன் மரங்களுக்கு இரவில் நீர் பாய்ச்சிவருகிறது. அவை அடர்ந்த ஊசியிலையோடு நன்றாக வளர்ந்தன. 2013 இல் அவற்றில் ஒரு பங்குக்கு நீரை நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 2024 முதல் சில இடங்களில் காற்றையும் ஈரமாக்கி, மரத்தை வாட்டுவதில் மண்ணின் வறட்சிக்கு எவ்வளவு பங்கு, காற்றின் வறட்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மாரியில் சூடாக்கி ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், இலை வாடும். ஆனால் வெளிச்சமும் குறைவு, வளர்ச்சியும் குறைவு. கன்று அதிகம் குடிக்காது. விட்ட நீர் சாடியில் தேங்கினால் வேருக்கு ஒட்சிசன் கிடையாது, அழுகிவிடும். அழுகிய வேர் உறிஞ்சாது. இலை இன்னும் வாடும். நாங்கள் தாகமென்று நினைத்து மேலும் விடுவோம். நான் செய்தது அதுதான்.

செய்யவேண்டியது இவ்வளவே. இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கமுன் கன்றை உள்ளே எடுங்கள். வெளிச்சமான யன்னலில், சூடாக்கிக்குத் தள்ளி வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். அடித்தட்டில் தேங்குவதை ஊற்றிவிடுங்கள்.

அம்மா அன்று என்னைப் பேசவில்லை. வெறும் சாடியைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "தாகமில்லாததுக்கு ஏன் தம்பி தண்ணி குடுத்தனீ?"