பாறை வளர்கிறதா?

கெங்கவல்லிக்குத் தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை. அடிவாரத்து மானாவாரிக் காடுகளில் யானை படுத்தாற்போலப் பாறைகள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் காட்டி, "வாத்தியாரையா, என் பாட்டன் காலத்தில் இது முழங்கால் உயரம், இப்போது இடுப்பளவு வளர்ந்துவிட்டது" என்றார் ஒரு முதியவர். உடன் வந்த மாணவர்கள் நகைத்தார்கள், நாமும்தான். பிறகு யோசிக்கையில், கிழவர் கண்டது மெய், சொன்ன காரணமே பிழை என்று விளங்கிற்று. பாறை வளரவில்லை. தரை இறங்கியிருக்கிறது.

இம்மலைகளில் மிகுந்திருப்பது சார்னோகைட் என்னும் கருங்கல். (கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து, 1893-ல் அப்பெயரை இட்டார். நம் மலைக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!) சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. மேலிருந்த பாரம் தேயத் தேய, அது விரிந்து வெடிப்புக் கண்டது. கரியமிலவாயு கலந்த மழை ஜலம் அவ்வெடிப்புகளில் இறங்கி, கல்லிலுள்ள பெல்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றுகிறது. கட்டியின் முகத்தை ஒரு பக்கமாகத் தாக்கும் ஜலம், அதன் மூலையை மூன்று பக்கமாகத் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் மழுங்கி, வெங்காயத்தைத் தோலுரித்தாற்போல் மண்ணுக்குள்ளேயே கல் உருண்டையாகிறது. சுற்றியுள்ள மண்ணை மழை வாரிச் சென்றபின் உருண்டை வெளியே தெரிகிறது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் இவ்வாறு இயற்கை திரட்டியதே.

போன மண் எங்கே? கொல்லிமலையில் பிறந்து தம்மம்பட்டி, கெங்கவல்லி வழியாக வரும் சுவேத நதியைப் புதுவெள்ளத்தில் பார்த்தால் தெரியும். கலங்கல் நிறமெல்லாம் களிமண். எளிதில் கரையாத வெங்கச்சங்கல் பொடிந்து ஆற்று மணலாகிறது. வசிஷ்ட நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையருகே கடலில் சேருமட்டும் அந்த மலைத்தூள் பயணம் செய்கிறது.

ஓரங்குல மண் விளைய நூற்றுக்கணக்கான வருஷங்கள் வேண்டும். சரிவாக உழுத காட்டிலிருந்து அது போய்விடச் சில பெருமழைகள் போதும். பட்டாவில் நிலத்தின் பரப்பை எழுதுகிறார்களே தவிர ஆழத்தை எழுதுவதில்லை. அதனால் இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதைக் கிழவரிடம் சொன்னோம். அவர் பதில் பேசாமல் காட்டின் கீழ்க்கோடிக்கு அழைத்துப் போனார். சரிவுக்குக் குறுக்கே அவருடைய தகப்பனார் போட்ட கல்வரப்பு ஒன்று அங்கே இருந்தது. அதன் மேற்புறம் மண் நிரவி, சோளம் செழித்து நின்றது. கீழ்ப்புறம் வெறும் சுக்கான் தரை. மாணவர்கள் இரு பக்கத்து மட்டத்தையும் முழம் போட்டு அளந்தார்கள்: ஒன்றரை முழம் வித்தியாசம்.