இரண்டு விபத்துகள், ஒரே மன உறுதி

தண்டுவடக் காயத்துடன் படுத்திருப்பவரைக் காண வரும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே ஆறுதலைச் சொல்லிச் செல்கின்றனர்: "மனத்தில் உறுதி இருந்தால் போதும், எழுந்து நடந்துவிடலாம்." அன்பினால் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் மாதங்கள் கடந்தும் கால் அசையாதபோது, தம் மன உறுதிதான் போதவில்லையோ என்று நோயாளி தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ளத் தொடங்குகிறார். இந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஜெர்மனியின் மிதிவண்டி வீராங்கனை கிறிஸ்டினா ஃபோகலின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

ஃபோகல் 1990ஆம் ஆண்டு கிர்கிஸ்தானில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய குடும்பம் ஜெர்மனியில் குடியேறியது. அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டு ஓடுதள மிதிவண்டிப் பந்தயம். கிண்ணத்தின் உட்புறம்போலச் சரிந்த தளத்தில் இப்பந்தயம் நடைபெறும். வண்டிக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும் வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். குறுந்தொலைவுப் போட்டியாளர்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்வர்.

2009ஆம் ஆண்டில், 18 வயதில், சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது வேன் ஒன்றுடன் மோதி அவர் பலத்த காயமடைந்தார். முகத்தில் முறிவு, மார்புப் பகதி முள்ளெலும்பிலும் முறிவு. மருத்துவர்கள் அவரைச் சில நாள் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளித்தனர். தேறியபின் மீண்டும் வண்டியில் ஏறினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிரியம் வெல்டேயுடன் இணைந்து குழு ஸ்பிரிண்ட் பிரிவில் தங்கம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் ஸ்பிரிண்ட் தங்கமும் அவருக்கே கிடைத்தது. அந்த இறுதிப் பந்தயத்தின் முடிவில் அவருடைய வண்டியின் இருக்கை கழன்று விழுந்தது; அப்போதும் அவரே முந்தினார். 2012 முதல் 2018 வரை 11 உலகப் பட்டங்களை வென்றார்.

2018 ஜூன் 26 அன்று, காட்புஸ் நகரின் ஓடுதளத்தில் பயிற்சியின்போது, தளத்தில் இருந்த மற்றொரு வீரருடன் முழு வேகத்தில் மோதினார். ஏழாம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தண்டுவடம் துண்டிக்கப்பட்டது. தம் காலணிகளை எவரோ எடுத்துச் செல்வதைக் கண்டும், அவை கழற்றப்பட்டதை உணராதபோதே, இனி நடக்க இயலாது என்பது தமக்குப் புரிந்துவிட்டதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

இரு விபத்துகளிலும் மனிதர் ஒருவரே. மன உறுதியும் ஒன்றே. முதல் முறை முறிந்தது எலும்பு. எலும்பு மீண்டும் கூடும் இயல்புடையது. இரண்டாம் முறை அறுந்தது தண்டுவடம். சுண்டுவிரல் பருமனுள்ள இந்த நரம்புக் கற்றை முற்றிலும் துண்டிக்கப்பட்டால், அதன் இழைகள் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. பகுதியளவே காயம்பட்டிருந்தால் ஓரளவோ பெருமளவோ முன்னேற்றம் வரலாம். எந்த வகைக் காயம் என்பதை முதல் நாளிலேயே அறுதியிட்டுக் கூற இயலாது. தொடக்க அதிர்ச்சி விலகியபின் செய்யும் பரிசோதனைகளே அதைத் தெளிவாக்கும். ஆக, நடப்பதும் நடவாததும் காயத்தின் தன்மையைப் பொறுத்தவை. நோயாளியின் மனத்தை அதற்குப் பொறுப்பாக்குவது நியாயமன்று.

அப்படியானால் மன உறுதிக்கு வேலையே இல்லையா? உண்டு. ஃபோகல் அதைச் செலுத்திய இடத்தைப் பாருங்கள். நிலைமையை விரைவில் ஏற்றுக்கொண்டால்தான் விரைவில் முன்செல்ல முடியும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஏழாம் மார்பு மட்டத்துக் காயத்தில் கைகள் முழு வலிமையுடன் இருக்கும்; வயிற்றுத் தசைகளின் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும். எனவே சாயாமல் உட்காருவதையே புதிதாகப் பழக வேண்டும். உட்காரவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், சக்கர நாற்காலியைச் செலுத்தவும் அவர் பல மாதங்கள் பயின்றார். 2019இல் எர்ஃபுர்ட் நகர மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொலைக்காட்சியில் மிதிவண்டிப் போட்டிகளுக்கு விளக்கம் அளிப்பவராகவும் பணியாற்றினார்.

வீட்டில் பராமரிப்போரின் உறுதியும் இத்தகைய அன்றாடச் செயல்களில்தான் வெளிப்பட வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள். நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, முன்னோ பக்கவாட்டிலோ சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைக்கட்டும். பிட்டம், குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களின் தோலை நாள்தோறும் இரு வேளை பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அன்றே தெரிவியுங்கள். உணர்வில்லாத இடத்தில் படுக்கைப் புண் வலியின்றி ஆழமாகிவிடும். சிறுநீரை வெளியேற்ற மருத்துவர் குறித்துக் கொடுத்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். சிறுநீர் தேங்குவதும், அதனால் தொற்று ஏற்படுவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உறக்கமின்மையோ உணவில் வெறுப்போ வாழ்வில் பிடிப்பின்மையோ சில வாரங்கள் நீடித்தால், அதையும் எங்களிடம் கூறுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

அடுத்த முறை நோயாளியின் அருகில் அமரும்போது, "எப்போது நடப்பாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று எதைப் புதிதாகச் செய்தாய்?" என்று கேளுங்கள். தாமாகச் சட்டை அணிந்துகொண்டதை அவர் சொல்லக்கூடும். அந்தச் செய்தியை ஒரு வெற்றியாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.