கொறங்காடும் மந்தையின் அளவும்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் முதலிய மானாவாரிப் பகுதிகளில் காங்கேய இன மாடு வளர்க்கும் குடியானவர்களுக்குக் கொறங்காடே மூலதனமாகும். கிளுவை வேலி சூழ்ந்த இம்மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் வளர்கின்றன. புல் காய்ந்த காலத்தில் அம்மரங்களின் காய்கள் மாடுகளுக்கு ஆகாரமாகும்.

மாடுகள் பெருகினால் லாபமும் பெருகுமென்று சிலர் கருதுவர். அது சரியன்று. கொழுக்கட்டைப் புல் பல்லாண்டு வாழ்வது. மேயப்பட்டபின் அடித்தூரிலும் வேரிலும் சேர்த்துள்ள சத்தைக் கொண்டு மீண்டும் துளிர்ப்பது. துளிர் முதிருமுன் திரும்பத் திரும்பக் கடிக்கப்படின் வேர் நலிந்து தூர் மடியும். மாடுகள் தீண்டாத களைகள் பரவும். வெற்றுத் தரையின் மேல்மண்ணை மழைநீர் அடித்துச் செல்லும். பின்னர்த் தீவனத்தை விலைக்கு வாங்க நேரிட்டு, கன்று விற்ற பணம் அதற்கே செலவாகும்.

ஆகையால், காட்டை வேலியிட்டுப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றவற்றிற்கு ஓய்வளித்தல் வேண்டும். ஐப்பசி மழையில் தழைத்த புல் விதை உதிர்க்கும் வரையில், ஆண்டுக்கொரு பகுதியை முறைவைத்து அடைத்துவிடுவது நலம். புல் அழிந்த இடங்களை உழுது, மழைக்கு முன் விதை தூவலாம். அறுவடை செய்த விதையைச் சில மாதங்கள் வைத்திருந்து விதைத்தால் முளைப்பு நன்கமையும்.

கோடை வருமுன்னரே புல்லின் இருப்பைக் கணித்து, மிகையான உருப்படிகளை உடல் தேறியிருக்கும்போதே சந்தையில் விற்றுவிடவேண்டும். மெலிந்த மாட்டிற்கு உரிய விலை கிடைப்பதில்லை. புல்லின் அளவறிந்து மந்தையின் அளவை வகுப்போருக்கு நிலமும் நிலைக்கும், வருவாயும் குறையாது.