மேசை ரம்பத்தைச் செம்மை செய்தல்

10 அங்குல விட்டமுள்ள வட்ட ரம்பம் நிமிஷத்திற்கு 4000 முறை சுழலுங்கால், அதன் பல் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றது. ஆதலின், மேசை ரம்பத்தைச் செம்மை செய்யும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மின்தொடர்பை நீக்குக. ஒரு பல்லுக்கு மையிட்டு, அதனை முன்புறம் நிறுத்தி, மேசைப் பள்ளத்தினின்று அதன் தூரத்தை அளக்க. பின்னர் அப்பல்லையே பின்புறம் திருப்பி மீண்டும் அளக்க. தகட்டின் வளைவு கணக்கிற் புகாமைப்பொருட்டே ஒரே பல்லை அளக்கின்றோம். அளவுகள் வேறுபடின், மேசையையும் ரம்பத்தின் தாங்கியையும் பிணைக்கும் திருகாணிகளைத் தளர்த்தி நேராக்குக.

மரத்தை வழிநடத்தும் சட்டமும் அப்பள்ளத்திற்கு இணையாதல் வேண்டும். அது பின்புறம் ரம்பத்தை நெருங்குமாயின் மரம் இடையே நெரிபடும். மேலெழும் பின்பற்கள் அதனைத் தூக்கித் தொழில் செய்வோர்மேல் எறியும். இவ்விபத்தைத் தடுக்கவே ரம்பத்தின் பின்னே பிளவுத் தகடு அமைந்துளது; அதுவும் ரம்பத்தோடு ஒரே நேரில் நிற்றல் வேண்டும்.

இறுதியாக, மூலைமட்டத்தைப் பல்லின்மேற் படாமல் தகட்டின்மேற் பொருத்தி 90 பாகை நிலையைச் சோதிக்க. பற்களிற் படிந்த பிசினை நீக்கி, மழுங்கியவற்றைக் கூராக்குக. மழுங்கிய ரம்பத்தில் மரத்தை வலிந்து தள்ள நேரும். அங்ஙனம் தள்ளுங் கை வழுக்கின் ரம்பத்தின்மேலேயே விழும். அளவுப் பிழையும் அங்கப் பழுதுமின்றித் தொழில் பயில விரும்பும் மாணவர் இச்சோதனைகளை வழக்கமாகக் கொள்வாராக.