பெரிய முயலும் சரியான அளவும்

பெருத்த உடல் கொண்ட பிராணியைக் கண்டால் வியந்து நிற்பது மனித இயல்பு. யானையைக் காண ஓடும் குழந்தையின் உள்ளம் பெரியவர்களிடத்தும் ஒளிந்திருக்கின்றது. அதனாலேயே போலும், கல்மண்டபத்துச் சுற்றுவட்டாரத்தில் முயல் வளர்க்க விழையும் இல்லத்தார் சிலர், “ஜெயண்ட் முயலே வாங்கிவிடலாமா?” என்று நம்மிடம் கேட்கின்றனர். விடை கூறுமுன், ஜெயண்ட் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதை அறிந்துகொள்வோம்.

ராட்சத முயல்களில் பெயர்பெற்றது பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் தோன்றிய பிளெமிஷ் ஜெயண்ட் ஆகும். 1910-இல் தோன்றிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் இதற்கு எழுத்து வடிவில் இலக்கணம் வகுத்துள்ளது. முழு வளர்ச்சியுற்ற ஆண் முயல் குறைந்தது 13 பவுண்டும், பெண் முயல் 14 பவுண்டும், அதாவது ஏறத்தாழ 6 கிலோவுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அங்கு ஏழு நிறங்கள் ஏற்கப்படுகின்றன. இங்கிலாந்திலோ, இதே பெயருடைய முயலுக்கு அடர்ந்த எஃகுச் சாம்பல் நிறம் ஒன்றே தகுதி.

கண்காட்சியில் நடுவர் எடையோடு நிறுத்திக்கொள்வதில்லை. முயலை மேசைமீது வைத்து, முதுகின் வளைவையும் எலும்பின் உறுதியையும் தடவிப் பார்க்கின்றார். உரோமத்தைப் புறமாக நீவி, அது மீளும் விதத்தைக் கவனிக்கின்றார். வாயைத் திறந்து பல்வரிசையை நோக்குகின்றார். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. மேலும் கீழும் சரியாகப் பொருந்தாவிடில் அவை தேயாமல் நீண்டு, தீனி தின்ன இயலாது போகும். இக்குறை பரம்பரையாகவும் வரக்கூடுமாதலால், எத்துணை பெரிய முயலாயினும் நடுவர் அதனை விலக்கிவிடுகின்றார். முயலின் இடச்செவியில் பச்சை குத்திய அடையாளம், பிறந்த நாள், பெற்றோர் விவரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் காப்பதும் வளர்ப்போரின் கடமை. ஆக, பெருமை எடையில் மட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டும் ஒழுங்கிலும் நேர்மையிலும் இருக்கின்றது.

நம் தமிழகத்தில் இவ்வொழுங்கைக் காண விரும்புவோர் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூருக்குச் செல்லலாம். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் அங்கு இயங்கி வருகின்றது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்களை அங்கு முறைப்படி பெருக்கி, விவசாயிகளுக்கு வழங்குகின்றனர். இவை வளர்ந்தபின் சுமார் 4 கிலோ எடையுள்ளவை. பெயர் ஜெயண்ட் என்றாலும், பிளெமிஷ் முயலுக்கு இவை இணையல்ல. அந்நிலையத்தார் நாடுவது பிரமாண்டத்தை அன்று. நன்கு ஈன்று, குட்டிகளைக் காத்து, உண்ட தீனிக்கேற்ப வளரும் தன்மையையே நாடுகின்றனர்.

மிகப் பெரிய முயல் மெதுவாக முதிர்வது; எலும்பு கனத்தது; தீனியும் மிகுதி. 2006-ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மானிய வளர்ப்பாளர் ஒருவரிடமிருந்து வட கொரியா ராட்சத முயல்களை வாங்கிற்று; உணவுப் பற்றாக்குறையைப் போக்க அவற்றைப் பெருக்குவதே நோக்கம். மறு ஆண்டே அத்திட்டம் நின்றுபோயிற்று. பெருத்த உடலுக்குப் பெருத்த தீனி வேண்டும் என்று அவ்வேளையிலேயே பலர் எச்சரித்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். முயலுக்கு வியர்வை இல்லை. உடற்சூட்டை அது பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகின்றது. உடல் பெருக்கப் பெருக்கச் சூடு தணிவது கடினமாகும். வெப்பம் 30 பாகையைக் கடந்தாலே முயல் துன்புறத் தொடங்கும். மன்னவனூரின் குளிர் எங்கே, சித்திரை வெயிலில் கடற்காற்றின் புழுக்கத்தோடு வேகும் நம் மொட்டை மாடித் தகரக் கூரை எங்கே! அங்கே ராட்சத முயலை அடைப்பது அதற்குச் சிறை மட்டுமன்று, மரணமாகவும் முடியலாம்.

ஆகவே நாம் கூறும் விடை இதுவே: குழந்தைகளின் மகிழ்ச்சிக்கு முயல் வேண்டுமாயின், நம் வெப்பத்திற்குப் பழகிய நடுத்தர உடலுள்ளதை வாங்குங்கள். விற்பவர் ஜெயண்ட் என்று சொன்னால், தாய் தந்தையின் எடையையும் குட்டி பிறந்த தேதியையும் கேளுங்கள். பற்களை நீங்களே பாருங்கள். சொல்ல இயலாதவரிடம் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. “ஜோடி வாங்குங்கள், குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்” என்போரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. 2012-இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்து, எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை மறத்தலாகாது.

வாங்கியபின், கூண்டை வீட்டினுள் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். கம்பித் தளமாயின் ஒரு பலகை இடுங்கள். இல்லையேல் பாதம் புண்ணாகும். புல்லே முதன்மை உணவாகட்டும். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். நண்பகலில் ஈரச் சாக்குத் திரை தொங்கவிடுங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். சினைக்காலம் 31 நாளே, ஈன்றவுடன் மீண்டும் சினையாகவும் கூடும். காது கொதித்து, மூச்சு விரைந்தால், காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

பேச வாயில்லாத ஓர் உயிரை வீட்டிற்கு அழைத்து வரும்போது, அதற்கு என்ன தேவை என்பதை முதலில் கேட்டறியும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். முயலின் எடையைக் காட்டிப் பெருமை கொள்வதினும், அது கோடையைத் தாண்டி நலமாய் வாழ்வதைக் கண்டு மகிழ்வதே நம் இல்லங்களுக்கு அழகு.