மேற்படி எழுதும் காமிரா

துடியலூரில் ஒரு திருமணத்தைப் படம் பிடித்து வந்த இளைஞர், அதைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கிறார். நன்றாகவே ஓடுகிறது. தாலி கட்டும் இடத்தில் வெட்டி ஒட்ட முனைந்தால் மட்டும் படம் திக்கித் திணறுகிறது. காரணம் என்ன?

பிலிம் காலத்தில் இத்தொல்லை இல்லை. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் 'மலைக்கள்ளன்' (1954) தயாரானபோது, விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி முழுப் படம். எந்த இரண்டுக்கும் நடுவே கத்தரி வைக்கலாம்.

இன்றைய காமிராவின் கதை வேறு. 1920 × 1080 அளவுள்ள படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 25 படம் எனக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட்! நகத்தளவு அட்டையில் இதை அடைப்பது எப்படி? மளிகைக் கடைக்காரர் பேரேட்டில் ஒருமுறை பெயர் எழுதிவிட்டுக் கீழே 'மேற்படி, மேற்படி' என்று போடுகிறாரல்லவா? அதே தந்திரந்தான். மணமேடை அசைவதில்லை, மணமக்களின் கைகள்தாம் அசைகின்றன. எனவே 12 அல்லது 15 படங்களுக்கு ஒருமுறை முழுப் படத்தையும், இடையில் மாறுதல்களை மட்டும் பதிவு செய்கிறார்கள். 2003-இல் வந்த எச்.264 முறை இத்தகையது. தொழில்முறைக் காமிராக்கள் பலவும் இவ்வழியே செல்கின்றன. இதில் இன்னொரு வேடிக்கை: சில படங்கள் தமக்குப் பின்னால் வரும் படத்தையும் பார்த்தே உருப்பெறும்!

வரிசையாக ஓட்டும்போது தொல்லையில்லை. நடுவில் ஓரிடத்தைத் தொட்டாலோ, கணிப்பொறி முந்தைய முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். பின்னோக்கி ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே 'மேற்படி' உள்ள இடமெல்லாம் முழுப் பெயரை எழுதிவிடுகிறார்கள். அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டி (2004), ஆப்பிளின் புரோரெஸ் (2007) ஆகியவை ஒவ்வொரு படத்தையும் தனித்தே சுருக்கி வைக்கும் முறைகள். விலை உண்டு: விநாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவான ஒரு மணி நேரப் படம் சுமார் 11 ஜிகாபைட், புரோரெஸ் 422 ஆக்கினால் 55 ஜிகாபைட்.

அளவு பெருகினால் தெளிவும் பெருகுமா? பெருகாது. காமிரா விட்டுவிட்ட நுணுக்கத்தை எந்த மாற்றமும் மீட்டுத் தராது. இடம் போதாதவர்கள், மணிக்கு 17 ஜிகாபைட்டே கொள்ளும் புரோரெஸ் பிராக்சி நகலில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலப் படத்தோடு இணைக்கலாம். அதுவே சிக்கனம் என்பேன். ஆனால் நகலின் பெயரும் விநாடிக்கான பட எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். மூலத்தை அழித்துவிடவும் கூடாது.